வால் பூட்டு

முதலாளிக்கு ஆட்கள் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் 'அடுத்தவருஷம்'. பாவம், அவரும் என்ன செய்வார்? பயணிகளை விண்வெளியின் விளிம்பு வரை கொண்டுபோய், கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, பத்திரமாகக் கொண்டுவந்து இறக்குவேன் என்று பத்திரிகைக்காரர்களிடம் வாய்விட்ட நாளிலிருந்து, எப்போது என்று யார் கேட்டாலும் அவரிடம் அந்த ஒரே பதில்தான். முதல் விமானம் ஓடுபாதையில் சக்கரம் முறிந்து வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நின்றது. இரண்டாவதில் ராக்கெட் எஞ்சின் பாதி வழியில் அணைந்துபோனது. உயிர்ச்சேதம் இல்லாததால் ஊர் சிரித்ததோடு விட்டது.

எஞ்சின் அணைந்த பிறகு அவரே ஒரு வழக்கம் கொண்டுவந்தார். கட்டுப்பாட்டு அறையிலோ விமானத்திலோ இருக்கிற யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லலாம். சொன்னால் அன்றைக்குப் பறப்பது கிடையாது. ஏன் என்று அங்கேயே யாரும் கேட்கக் கூடாது. சாயங்காலம் முதலாளி தன் கையால் டீ போட்டு, நிறுத்தியவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். முதல் டீ எரிபொருள் பிரிவுக்காரருக்குக் கிடைத்தது; எல்லோரும் கைதட்டினார்கள். நல்ல வழக்கம்தான். நஷ்டம் வராதவரை எல்லா வழக்கமும் நல்ல வழக்கம்தானே?

இரண்டாவது டீ அவளுக்குக் கிடைத்தது.

அவள் வால் பூட்டுக்குப் பொறுப்பான எஞ்சினியர். விமானத்தை ஓட்டுகிறவன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். ஒரு பெரிய விமானம் இவர்களுடைய சின்ன விமானத்தை வயிற்றுக்குக் கீழே சுமந்துகொண்டு மேலேறும். போதிய உயரத்தில் கழற்றிவிடும். அங்கிருந்து ராக்கெட் எஞ்சின் இதைத் தூக்கிக்கொண்டு போகும். உச்சிக்குப் போனதும் பூட்டுகள் திறந்து வால் நிமிர வேண்டும். நிமிர்ந்தால் விமானம் காய்ந்த இலை மாதிரி மெதுவாக இறங்கும். நிமிராவிட்டால் கல்தான். அந்தக் கல்லுக்குள்ளே இருக்கப்போவது தன் அண்ணன் என்பதை அவள் ஒரு நாளும் மறந்து வேலை பார்த்ததில்லை.

அன்று காலை பெரிய விமானம் ஏற ஏற, வலது பூட்டின் அழுத்தத்தைக் காட்டும் முள் லேசாக நடுங்கியது. இறங்கக் கூடாத சிவப்புக் கோட்டுக்கு மேலேதான் இருந்தது. ஆனாலும் நடுங்கியது. அவள் மைக்கைப் பக்கத்தில் இழுத்து, "நிறுத்து" என்றாள்.

வழக்கப்படி யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கீழே வந்த பிறகு கொட்டகையில் பூட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் முதலாளி டீ கொண்டுவந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். யாரும் கைதட்டவில்லை.

"மேலே இருக்கிற குளிர்ல பூட்டுக்குள்ள இருக்கிற ரப்பர் விறைச்சுக்கும் அண்ணா. இந்தக் கொட்டகை வெயில்ல பார்த்தா எப்படித் தெரியும்? குளிர் அறையில வச்சுப் பார்க்கணும்" என்றாள்.

"வாலையே கழற்றி அனுப்பணும். விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்லியாச்சு" என்றான் அண்ணன். அதோடு விட்டிருக்கலாம். சுற்றிலும் மெக்கானிக்குகள் நின்றதால் அவனுக்கு வாய் நீண்டது. "அந்த முள்ளை நானும்தான் பார்த்தேன். ஒண்ணுமே இல்ல. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்! எஞ்சினியரா உட்காருன்னா, இவ தங்கச்சியா உட்கார்ந்திருக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். அன்றிலிருந்து யாராவது தும்மினால்கூட "நிறுத்து, நிறுத்து" என்று கேலி செய்வது கம்பெனியில் விளையாட்டாகிப்போனது. அண்ணன்தான் அதில் முதல் ஆள்.

அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. முள்ளைப் பார்த்து நிறுத்தினோமா, அண்ணனை நினைத்து நிறுத்தினோமா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. குளிர் அறைப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை.

அடுத்த முயற்சிக்கு அவள் நாற்காலியில் வேறொருவரைப் போட்டார்கள். முதலாளி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதம்மா. உங்க அண்ணனே கேட்டுக்கிட்டார்."

ஆகவே அவள் அன்று விருந்தாளிகளோடு வேலியோரம் நின்றாள். பக்கத்தில் அண்ணி, கழுத்தை வளைத்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் அண்ணன் குரல் வந்தது: "எல்லாம் சரியா இருக்கு. கழற்றலாம்." சின்ன விமானம் கழன்று விழுந்தது, நெருப்பைக் கக்கியது, வெள்ளைக் கோடாக ஏறியது. எஞ்சின் கடைசிவரை எரிந்தது. அதற்குப் பிறகு ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல். வால் நிமிர்ந்துவிட்டது என்று இந்நேரம் சொல்லியிருக்க வேண்டுமே! அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தாள்.

"நிமிர்ந்தாச்சு" என்றது அண்ணன் குரல்.

விருந்தாளிகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். முதலாளி குழந்தை மாதிரி அழுதார். விமானம் பூப்போல வந்து ஓடுபாதையில் இறங்கியது.

அண்ணி ஆனந்தக் கண்ணீரோடு மேடைப் பக்கம் ஓட, அவள் விமானிகள் அறைக்குப் போனாள். அண்ணன் உடுப்பைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"வால் ஏன் லேட்டா நிமிர்ந்துச்சு?"

"நிமிர்ந்துச்சுல்ல?"

"ஏன் லேட்டுன்னு கேட்டேன்."

அவன் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தான். "ரெண்டு தடவை இழுத்தும் வலது பூட்டு அசையல. மூணாவது தடவை திறந்துச்சு. அந்த நேரத்துல அம்மா முகம்தான் ஞாபகம் வந்துச்சு."

"ஏறும்போது முள்ளு?"

"ஆடிச்சு. போன தடவையைவிட மோசமா. கோட்டைத் தொட்டுத் தொட்டு வந்துச்சு. உன் சீட்டுல இருந்தவர், கோட்டுக்குக் கீழே போகலையேன்னு விட்டுட்டார்."

"நீ? கழற்றுறதுக்கு முன்னாடியே பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டும் ஏன் வாயைத் திறக்கல?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. உன்னை அத்தனை பேர் முன்னாடி கேலி பண்ணின வாய்டி இது. அதே வாயால நிறுத்துன்னு எப்படிச் சொல்லுவேன்?"

அழுகை வரும் என்று நினைத்தாள்; கோபம்தான் வந்தது. அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "அந்த வெட்கத்துக்கு உசிரைக் கொடுக்கப் பார்த்தியா? அண்ணி வெளியே நிக்கிறா!"

அவன் வாங்கிக்கொண்டான். வெளியே மைக்கில் முதலாளியின் குரல் கணீரென்று கேட்டது. இனி அடுத்த வருஷம் இல்லையாம், அடுத்த மாதமே முதல் பயணிகள் போகிறார்களாம். பயணிகளை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டார்.

"போய்ச் சொல்லு அண்ணா. நான் சொன்னா தங்கச்சி சொன்னதாத்தான் ஆகும். நீதான் சொல்லணும். இப்பவே."

அண்ணன் எழுந்தான். கதவு வரை போய்ப் பிடியில் கை வைத்தான். வெளியே அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கைதட்டல் காதைப் பிளந்தது. கையை எடுத்துவிட்டுத் திரும்பி வந்து, மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.