காயாத சுவர்

உளியின் நாலாவது அடிக்குப் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே மேல்மாடிக்குப் போகும் பழைய இரும்புக் குழாய், உத்தரத்துக்கு அடியில் வளையும் மூட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இவ்வளவுதானா? இதுக்கா ஆறு மாசமா வரேன் வரேன்னு ஏமாத்துன?" என்றாள் எவுலாலியா.

"ஹவானாவுல சொட்டாத குழாய் எங்க இருக்கு சொல்லுக்கா, ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரேன்." ஏணி மேலிருந்து பிளம்பர் ரிகோபெர்த்தோ சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக் காலை வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வருகிறார். சுவர் ஈரமாக இருந்தால் குடியிருக்கத் தகுதியில்லை என்று எழுதிவிடுவார். அப்படி எழுதப்பட்டுத்தான் அவள் தங்கை மிர்த்தா, ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் அட்டைத் தடுப்புக்குள் பதினோரு வருடமாகக் கிடக்கிறாள். ஆறே மாதம் என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். போன ஞாயிறு பார்க்கப் போனபோது மிர்த்தா எதுவும் பேசவில்லை. தடுப்புக்கு அப்பால் யாரோ இருமினார்கள். கூடப் பிறந்தவருக்குப் பதில் சொல்வதுபோல மிர்த்தாவின் தலை அதற்கு அசைந்தது.

ரிகோபெர்த்தோ மூட்டில் ரெஞ்சைக் கவ்வவைத்து அழுத்தினான். அசையவில்லை. உடம்பின் பாரத்தை முழுக்கக் கொடுத்தான். தலைக்கு மேலே, காய்ந்த ரொட்டியைப் பிட்டதுபோல ஒரு சத்தம். சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

உத்தரத்தின் அடியை விரலால் சுரண்டினான். உள்ளே கம்பி இருந்த இடத்திலிருந்து சிவப்பாகத் துருப்பொடி கொட்டியது. குழாயின் வளைவுக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஒரு தாள் நுழைய இடமில்லை.

"என்னய்யா, வாயடைச்சுப் போச்சு?"

"மேல் வீட்டு பரோசோ தண்ணித் தொட்டியை எங்க வச்சிருக்கான்?"

"இதுக்கு நேர் மேலதான். ரெண்டு தொட்டி. எதுக்குக் கேக்குற?"

"உத்தரம் இறங்கிடுச்சுக்கா. இந்தக் குழாய் மேலதான் உக்காந்திருக்கு. இதைக் கழட்டினா..." அவன் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தான். "நாளைக்கு வர்றவர்கிட்ட நீயே சொல்லிடு."

அவள் குழாயையே பார்த்தாள். சொட்டு விழுவதும் அடுத்த சொட்டு திரள்வதுமாக இருந்தது.

"சொட்டுறதை நிறுத்த முடியுமா, முடியாதா?"

"கழட்டாம கட்டலாம். ஆனா..."

"கட்டு."

சைக்கிள் டியூபைப் பட்டைகளாகக் கீறி, இழுத்து இழுத்துச் சுற்றிக் கம்பியால் முறுக்கினான். கீழே அவள் சிமெண்டு குழைத்தாள். அவன் குழியைப் பூசி மூடினான். காப்பியை அவன் நின்றபடியே வாசல் நிலைக்கு அடியில் குடித்தான்.

"உள்ள வந்து உக்காரேன்."

"இங்கயே இருக்கட்டும்க்கா."

மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர் அப்போது வந்தது. கட்டடம் முழுக்கக் கூச்சல், வாளிகள் உருளும் ஓசை. எவுலாலியா புதுப் பூச்சின் மேல் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே தண்ணீர் ஏறும் நடுக்கம் தெரிந்தது. ஒரு சொட்டும் கசியவில்லை. மேலே முதல் தொட்டி நிரம்பி, இரண்டாவதில் தண்ணீர் விழத் தொடங்கியது.

"அக்கா, இந்தப் பக்கம் வந்துடு," என்றான் ரிகோபெர்த்தோ.

உத்தரத்திலிருந்து அவளுடைய முன்கையில் மாவுபோல வெள்ளைத் தூள் இறங்கிக்கொண்டிருந்தது. கையை அவள் எடுக்கவில்லை.