உள்ளுக்குக் கொடுத்தது

"எம் மாமியாரு உள்ளுக்குக் குடுத்தாங்க நாகூ" என்றாள் எல்லம்மா.

"இன்னாத்தக்கா?"

"கண்வலிக்கெழங்கு. கால்ல அரைச்சித் தடவுவாங்கல்ல, அதான். புள்ள பொறந்தும் நஞ்சுக்கொடி எறங்கலன்னு வெல்லத்துல கொழைச்சிக் குடிக்க வெச்சாங்க. அப்புறந்தான் வயிறு பத்திகினு எரியுது." சற்று மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "யாராண்டயும் சொல்லாதே, எம்மேல சத்தியம். கொழந்தைய அவங்கதான் பாத்துக்கணும்."

நாகவல்லி அக்காவின் தலையை மடியில் வைத்துச் சீவிக்கொண்டிருந்தாள். சீப்போடு முடி கொத்துக் கொத்தாக வந்தது. இழுக்கவே இல்லை, தானாகவே கழன்று வந்தது. அக்கா பார்த்துவிடக் கூடாதென்று அதைச் சுருட்டி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். எல்லம்மா அந்த வாரத்தைத் தாண்டவில்லை.

பட்டாபிராமில் ராணுவத்துக்காகத் தண்டவாளம் போட வந்திருந்த கூலிகளின் குடிசைகளில் அந்த வருஷம் வாந்திபேதி பரவியிருந்தது. அதுதான் பருத்திப்பட்டு வரைக்கும் வந்துவிட்டது என்று ஊர் சொன்னது. எல்லோரையும்விட அதிகமாக அழுதவள் அன்னம்மாள், எல்லம்மாவின் மாமியார். அந்த அழுகையில் பொய் இல்லை. நாகவல்லியால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

வருஷம் திரும்புவதற்குள் அக்கா புருஷனுக்கே அவளைக் கட்டி வைத்தார்கள். தாயில்லாத பெண்குழந்தை இருக்கிறது, வேற்று மனுஷி வந்தால் பார்ப்பாளா என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். அந்த வீட்டுக்குள் நுழைய அவளுக்கு வேறு வழி இல்லை.

அவள் எண்ணிப் பார்க்காதது புருஷன் பரந்தாமனைத்தான். ராணுவக் கிடங்கில் வேகன் இறக்கும் வேலை அவனுக்கு. மூட்டை சுமந்து தோள் கன்றிப்போய் வருகிறவன், ஆவடி ஸ்டேஷன் வாசலில் பூ வாங்காமல் வரமாட்டான். தூக்கத்தில்கூட அவளை அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லம்மாவைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால், "ஒங்கக்கா" என்று அவளுக்கே அந்த உரிமையைக் கொடுத்துப் பேசுவான். அவனை அவள் கல்யாணத்துக்கு முன் அழைத்தபடியே மாமா என்றுதான் அழைத்தாள். ஆனால் அந்தச் சொல்லுக்குள் வேறு ஏதோ புகுந்துவிட்டிருந்தது. பழி வாங்க வந்த இடத்தில் இப்படி ஒரு இடைஞ்சல்.

மழைக்காலத்தில் ஏரிக்கரை வேலியெல்லாம் கண்வலிக்கிழங்குக் கொடி படர்ந்து, சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து எரியும். ஒருநாள் துணி துவைக்கப் போனவள் ஒரு கிழங்கைத் தோண்டி எடுத்தாள். சின்னக் கலப்பை மாதிரி வளைந்திருந்தது. சீவிக் காயவைத்து மாட்டுக் கொட்டகைக் கூரை ஓலைக்குள் செருகிவைத்தாள். அன்னம்மாளுக்குக் காய்ச்சல் வந்து மிளகுக் கஷாயம் கேட்டபோது, அதை எடுத்து உரலில் போட்டும்விட்டாள். உலக்கையைத் தூக்கும்போது கிணற்றடியிலிருந்து பரந்தாமன் வருவது தெரிந்தது. அம்மாவுக்கு நாக்கு சுடும் என்று எந்தக் கஷாயத்தையும் முதல் வாய் அவன்தான் குடித்துப் பார்ப்பான். நாகவல்லி உரலைக் கழுவினாள். கழுவிய தண்ணீரைச் செடிக்குக்கூட ஊற்றவில்லை.

அன்று ராத்திரி படுத்திருக்கும்போது அவளுக்கு ஒன்று புரிந்தது. கிழவி செத்திருந்தால் அதையும் வாந்திபேதி என்றே ஊர் சொல்லியிருக்கும். தான் என்ன செய்தோம் என்று தெரியாமலே அவள் போயிருப்பாள். அது போதாது. அவளிடம் ஒன்று கேட்க வேண்டும், அதையும் அவள் மகன் முன்னால் கேட்க வேண்டும். அம்மியில் மிளகாய் அரைக்கும்போதெல்லாம் அந்த வார்த்தைகளை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். வெளியில் வராது. அக்கா வாங்கிய சத்தியம் ஒரு பக்கம். யார் நம்புவார்கள் என்பது இன்னொரு பக்கம். ஊரில் பாதிப் பேர் அன்னம்மாள் கைமருந்தில் வளர்ந்தவர்கள். யாரிடமும் அவள் காலணா வாங்கியதில்லை. ஆஸ்பத்திரி மருந்துதான் விஷம், தழையும் வேரும் சாமி குடுத்தது, அது இன்னா பண்ணிடும் என்பாள்.

நாகவல்லி உண்டானபோது, பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லி பரந்தாமனிடம் கேட்டாள். அவனும் சம்மதித்தான். ஆனால் வலி சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டது. பட்டப்பகல். ஊரிலிருந்த மாட்டுவண்டிகளெல்லாம் கிடங்குக்குச் செங்கல் ஏற்றிப் போயிருந்தன. வண்டி தேடி ஓடியவன் வெறுங்கையோடு திரும்பி வந்து, சாத்திய கதவுக்கு வெளியே நின்றான்.

ஆண்குழந்தை பிறந்தது. பக்கத்து வீட்டு முனியம்மா குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றினாள். கொடி இறங்கவில்லை. அன்னம்மாள் கிழங்கு விழுதை நாகவல்லியின் உள்ளங்காலிலும் தொப்புளைச் சுற்றியும் தடவினாள். அப்போதும் இறங்கவில்லை. எழுந்து போய் ஒரு கொட்டாங்கச்சியோடு வந்தாள். வெல்ல வாசனை அடித்தது.

"இத்த ஒரே மொடக்குல குடிச்சிடு கண்ணு."

"அக்காக்கு குடுத்தீங்களே, அதா?"

"அதே தான்." அன்னம்மாளின் முகம் மலர்ந்தது. "அவளுக்கு இப்டித்தான் நின்னுகினு இருந்திச்சி. குடுத்தவொடனே எறங்கிடுச்சே. பாவி வாந்திபேதி வந்து கொண்டுபூட்டுது, இல்லாங்காட்டி நல்லாத்தானே இருந்தா."

அவளுடைய கணக்கில் எல்லம்மா பிழைத்தவள். நாகவல்லி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"இன்னாம்மே பயம்? ஒங்கப்பன் ஊட்டு வெசமா இது? பாரு, நான் குடிச்சிக் காட்டறேன்" என்று சிரித்துக்கொண்டே அன்னம்மாள் கொட்டாங்கச்சியைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள்.

நாகவல்லி பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் செய்ய வேண்டியதில்லை, பேசாமல் கிடந்தால் போதும். கிழவியின் மேலுதட்டில் கருவெல்லக் குழம்பு பட்டது. அந்த நொடியில் முழங்கையை ஊன்றி எழும்பி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். தான் செய்தது தெரியாமலே கிழவி போய்விடக் கூடாது. அப்படி முக்கி எழுந்ததில் அடிவயிற்றில் ஏதோ பிடி விட்டு நழுவியது.

"எறங்கிடுச்சி, எறங்கிடுச்சி" என்றாள் முனியம்மா.

அன்னம்மாள் முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "கால்ல தடவுனது வேலை செஞ்சிடுச்சி பாத்தியா" என்றாள். வேலை முடிந்த நிறைவோடு கொட்டாங்கச்சியை ஒரு ஆமணக்கு இலையால் மூடி முனியம்மாவிடம் நீட்டினாள். "வீணாக்காதே. ஒம் மருமகளுக்கும் இன்னிக்கோ நாளைக்கோன்னு கீது. கொடி நின்னா உள்ளுக்குக் குடு."

முனியம்மா கும்பிடுவதுபோல் இரண்டு கையையும் நீட்டினாள்.

"குடுக்காதீங்க" என்றாள் நாகவல்லி. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். "மாமா, உள்ள வாங்க."

பிள்ளை பெற்ற அறைக்குள் ஆம்பளையா என்று முனியம்மா பதறினாள். கதவு அதற்குள் திறந்துவிட்டது. பரந்தாமன் முதலில் குழந்தையைத்தான் பார்த்தான். பிறகு அவளை. சிரிப்பு வரத் தொடங்கிய முகம் பாதியில் நின்றது. நாகவல்லி அவனைப் பார்க்காமல் மாமியாரையே பார்த்தாள். அன்னம்மாளின் கையில் இலை மூடிய கொட்டாங்கச்சி இருந்தது. வழிந்த குழம்பு விரலிடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது.

"எங்கக்கா வாந்திபேதியில சாவல அத்தே. அவ வவுத்துக்குள்ள நீங்க இன்னா ஊத்துனீங்கன்னு ஒங்க புள்ளையாண்ட ஒங்க வாயால சொல்லுங்க."