கோசு வெடிக்கக் காத்திருந்தோம்

ராசமணி குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே நின்றாள். மழை ஏமாற்றிய வருஷம். ஊருணி வற்றி, ஊர்க்கிணறு வரை நடந்து போய் இறைத்து வந்த தண்ணீர் அது. வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் நான் குத்தவைத்து உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றிக் கரிசல் மண் கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடந்தது. போன வருஷம் வைத்த திராட்சைக் கொடிக்கு அந்த வெடிப்பில்தான் வேர் அறுந்தது. அதற்கு முந்தி ஆப்பிள் விதை, முளைக்கவேயில்லை. காப்பிச் செடியை வெள்ளாடு தின்றது.

"இந்தா பாருங்க, இந்த ஒரு செடிதான். இதும் காய்க்கலன்னா உங்க தோட்டத்துக்கு இனிமே ஒரு செம்பு தண்ணி சுமக்க மாட்டேன். அங்கன கன்னுக்குட்டியக் கெட்டிப்புடுவேன்."

என் பெண்டாட்டி என்னைத் திட்டும்போதெல்லாம் பாதியில் சிரித்துவிடுகிறவள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

செடி, கோசு. பக்கத்து வீட்டுப் பிச்சை முகம்மது அண்ணாச்சி ஊர் ஊராகத் துணி விற்கிறவர். மதுரைக்குச் சரக்கெடுக்கப் போனவர் ஒரு சிட்டிகை விதையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். "மலையில வெளையுதாம் தம்பி. பெரிய உருண்டையா வருமாம்" என்று சொல்லிவிட்டு, மறுநாளே மூட்டையோடு ராமநாதபுரம் பக்கம் போய்விட்டார். எங்களுக்குத் தெரிந்த கோசு அவ்வளவுதான். முளைத்ததில் தப்பியது ஒன்றே ஒன்று.

மார்கழிப் பனியில் நடு இலைகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. தையில் பிள்ளைத்தலை அளவு திரண்டது. தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டு வெயிலம்மாள் குனிந்து தட்டிப் பார்த்தாள்.

"ஏலே தங்கப்பாண்டி, பறிச்சிராத. பருத்தி மாதிரி தானா வெடிக்கட்டும். அப்பத்தாம்ல உள்ள இருக்கது வெளிய வரும்."

பருத்திக்காட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். வெடிக்காத காயில் கை வைத்துப் பழக்கமில்லை. அது சரியாகத்தான் பட்டது. ராசமணி விடிந்ததும் போய் விரலால் அமுக்கிப் பார்ப்பாள். "இன்னைக்கும் வெடிக்கல" என்று வந்து சொல்வாள். முகம் கழுவுகிற தண்ணீரும் செடிக்குப் போகட்டுமென்று அங்கே குனிந்துதான் கழுவினாள்.

தை கடைசியில் காலந்தப்பி ஒரு மழை கொட்டியது. காலையில் அவள் சத்தம் தெருவுக்கே கேட்டது.

"ஏங்க! வெடிச்சிருச்சி! ஓடி வாங்க!"

உருண்டை குறுக்கே பிளந்திருந்தது. அறுத்து வந்து முற்றத்தில் வைத்தேன். ராசமணி அரிசி புடைக்கிற சுளகைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காயைத் தேடி உரித்தாள். இலை. அதற்குள் இன்னொரு இலை. சுளகு நிறைந்து தரையில் சரிந்தது. கடைசியில் கட்டைவிரல் அளவு வெள்ளைத் தண்டுதான் மிஞ்சியது.

"சொத்தைல்லா ஏட்டி" என்றாள் வெயிலம்மாள், துக்க வீட்டில் பேசுகிற குரலில்.

ராசமணி என்னைப் பார்க்கவில்லை. அந்த நேரத்துக்கா பிச்சை முகம்மது அண்ணாச்சி மூட்டையோடு வந்து நிற்க வேண்டும்?

"உள்ள ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி. பூரா எல."

அவர் சுளகைப் பார்த்தார். மூட்டையைத் தொப்பென்று போட்டு அதன் மேலேயே உட்கார்ந்து சிரித்தார். "அட கோட்டிக்காரப் பயலே! போன எடத்துல ஆக்கிப் போட்டாவ, தின்னுட்டுல்லா வாரேன். அந்த எலதாம்ல கோசு! அதுக்குள்ள என்னத்தத் தேடுதீங்க ரெண்டு பேரும்?"

ராசமணி முந்தானையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு முந்தானை நழுவியது.

பாசிப்பருப்புப் போட்டு ஆக்கி, இரண்டு வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். "கீரையும் இல்ல, காயும் இல்ல, இது என்ன எழவு" என்று சொல்லிக்கொண்டே வெயிலம்மாள் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள். தண்ணீரைப் பற்றி ராசமணி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் ஞாபகம் வந்துவிடுமே.

மாசியில் ஒரு சாயங்காலம் கையசைத்துக் கூப்பிட்டாள். நான் பிடுங்காமல் விட்டிருந்த அடித்தண்டு. அறுத்த இடத்தைச் சுற்றிப் பட்டாணி அளவில் பச்சை மொட்டுகள், இலையை இறுக்கி மூடியபடி.

"இது என்னது?" என்றாள், தூங்குகிற பிள்ளை பக்கத்தில் பேசுவதுபோல.

"தெரியலட்டி."

மேற்கேயிருந்து புழுதி கிளம்பி வந்தது. அவள் எழுந்து, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, காற்றுக்கும் தண்டுக்கும் நடுவில் நின்றாள்.