இரண்டு படி இறக்கிய பாட்டு

1

இந்தக் கதை வேலூரில், ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்குக் கிடைத்தது. கழுத்தில் கட்டுப் போட்ட ஒரு பெண் நாற்காலியின் கையில் விரல்களால் தாளம் தட்டிக்கொண்டிருந்தாள். நான் பேச்சுக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அவளுக்கு ஹெலன் என்று பெயர் வைத்தேன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர் ஆக்கினேன். ஹார்ட் ராக் இசைக்குழு ஒன்றில் பாடவும் வைத்தேன்.

2

'மழை கொட்டிய அந்த மாலையில் ஹெலன்...'

(வேண்டாம். மழை வந்தால் எல்லாரும் அழகாகிவிடுகிறார்கள்.)

குழுவில் மூன்றே பேர். கிடார் வாஹித் பாஷா, டிரம்ஸ் ராஜேஷ், பாட்டு ஹெலன். பாஷா வீட்டு மாடியிலிருந்த பழைய தோல் குடோன்தான் ஸ்டுடியோ. எதிரொலியை அடக்கச் சுவரெங்கும் ஆட்டுத்தோல் தொங்கும். பதிவின்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். வெக்கையில் தோல் வாசனை தலைக்கேறும்; தண்ணீருக்கடியில் உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருக்கும்.

ஆல்பத்துக்கு எட்டுப் பாட்டு. ஏழு முடிந்த சமயத்தில் ஹெலனுக்குத் தைராய்டு கட்டி. அறுவை முடிந்ததும் டாக்டர் சொன்னார்: "பேச்சு வந்துடும்மா. உச்சக் குரலுக்கு மட்டும் உத்தரவாதம் இல்ல."

பேச்சு வந்தது. உச்சம் வரவில்லை.

3

(முதல் பிரதியில் இந்த இடத்தில் ஹெலன் அழுதாள். அது என் அழுகை. எடுத்துவிட்டேன்.)

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிறு மதியம், மூவரும் குடோனில் கூடியபோது பாஷா ஹெட்போனை ஹெலனிடம் நீட்டினான்.

"ரிகர்சல்ல போன்ல எடுத்ததெல்லாம் வெட்டி ஒட்டினேன். எட்டாவது பாட்டு ரெடி. கேளு."

கேட்டாள். பழைய குரல் எந்தச் சிரமமும் இல்லாமல் மேலே, இன்னும் மேலே போனது. ஹெட்போனைக் கழற்றினாள்.

"நல்லா பாடறா. யாரு இவ?"

"இன்னா ஹெலன், நீதான்."

"நான் இங்க உக்காந்துனு இருக்கேன் பாஷா. இதப் போட்டா நான் செத்துப்போன மாதிரி ஆய்டும்."

ராஜேஷ் மெதுவாகக் கேட்டான்: "அப்ப இன்னா பண்லாம்?"

"கிடார் சுருதிய இறக்கு. ரெண்டு படி."

"சத்தம் கனம் ஜாஸ்தியாய்டுமே," என்றான் பாஷா.

"ஆகட்டும்."

தந்திகள் தளர்ந்தன. ஹெலன் கண்ணை மூடிக்கொண்டாள். வந்த குரல் அவளுக்கே புதிது: தாழ்வாக, கரகரப்பாக, விடிகாலை முதல் பேச்சைப்போல.* கத்த வேண்டிய இடத்தில் அது உடைந்து வெறும் காற்றாக வந்தது. அவள் நிறுத்தவில்லை. மற்ற இருவரும் நிறுத்தவில்லை. சுவரில் தொங்கிய தோல்களும் சேர்ந்து மூச்சு விடுவதாக அவளுக்குத் தோன்றியது.

"அந்த இடம் மட்டும் மறுபடி எடுக்கலாமா?" என்றான் பாஷா.

"வேணாம். அதான் பாட்டு."

* இந்த உவமை எனக்குத் திருப்தியில்லை. வேறு கிடைக்கவில்லை.

4

நான் யோசித்து வைத்த முடிவுகள்: உச்சக் குரல் திரும்பி வருகிறது (பொய்). குழு கலைகிறது (சோம்பேறித்தனம்). ஆல்பம் வெளியாகி ஊரே...

நடந்தது இவ்வளவுதான். பாட்டுகளை வரிசைப்படுத்த உட்கார்ந்தார்கள்.

"இது கடைசில," என்றான் ராஜேஷ்.

"மொதல்ல," என்றான் பாஷா.

கடைசியில் வைத்தால், ஏழு பாட்டில் உச்சம் தொட்ட ஒருத்தி எட்டாவதில் குரலை இழக்கிறாள். முதலில் வைத்தால், காற்று மட்டுமே வரும் தொண்டையிலிருந்து ஒரு குரல் எழுந்து ஏழு பாட்டு நெடுக உயர்ந்துகொண்டே போகிறது. பாட்டுகள் அவையேதான்.

ஹெலன் ஒரு காகிதத்தை எட்டாகக் கிழித்தாள். எட்டுப் பாட்டுகளின் பெயர்களை எட்டுத் துண்டுச் சீட்டில் எழுதினாள். எதற்கும் எண் போடவில்லை.

"கேக்கறவங்க அடுக்கிக்கட்டும்," என்றாள்.

சீட்டுகள் இப்போது உங்கள் முன்னால் இருக்கின்றன. எதிலிருந்து ஆரம்பிக்கப் போகிறீர்கள்?