லீவு தராத மேனேஜர்

ஆணியில் தொங்கிய அடையாள அட்டையை எடுத்துத் துண்டால் ஒரு துடை துடைத்து மகளிடம் நீட்டினார் காளை. தினமும் அவர்தான் எடுத்துக் கொடுப்பார். அந்த வீட்டில் முதல் பட்டதாரி சுபலட்சுமி. ஆபீஸ் உத்தியோகம் பார்க்கும் முதல் ஆளும் அவள்தான். கையை நீட்டி வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"இன்னைக்கு ஒரு நா கேட்டுப் பாரேன் தாயி," என்றாள் அம்மா முத்துத்தாய். "கண்ணுல கத்தி வைப்பாகளாம். நீ பக்கத்துல இருந்தா பயமில்லாம இருக்கும்."

"கேட்டுட்டேம்மா. லீவு தரமாட்டேங்குறாய்ங்க."

"சரி, வம்பு பண்ணிக்கிறாத. வேலை முக்கியம்."

காளை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பார்க்கப் போனார்.

செக்கானூரணியிலிருந்து வரும் பஸ் காளவாசலைத் தாண்டும்போது சுபலட்சுமி வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். அங்கேதான் அவள் முன்பு வேலை பார்த்த ஆபீஸ். ஒன்றுக்குப் போனால்கூட நிமிடம் குறித்துவைக்கிற மேனேஜரிடம், "உங்க கடியாரத்த நீங்களே கட்டிக்கங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியேறி ஏழு மாதம் ஆகிறது. அட்டையைத் திருப்பிக் கேட்டார்கள், தொலைந்துவிட்டது என்றாள்.

இப்போது வில்லாபுரத்தில், கல்லூரித் தோழி சபிஹா வீட்டு மாடியில் வேலை. பம்புசெட், மிக்சி கம்பெனிகளுக்குத் தமிழில் விளக்கக் குறிப்பு எழுதித் தருகிறாள். பிடித்த வேலையை எடுப்பாள், மரியாதை இல்லாமல் பேசுகிறவனை அன்றைக்கே வெட்டிவிடுவாள். இப்படி நிம்மதியாக அவள் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. ஆனால் அதன் பெயர் கான்ட்ராக்ட். பதினாறு வருடம் மில்லில் கான்ட்ராக்ட் ஆளாக மூட்டை தூக்கி, ஒருநாள் காலையில் கேட்டோடு திருப்பி அனுப்பப்பட்டவர் காளை. அவரிடம் போய் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது?

பதினொன்றரைக்கே அன்றைய வேலை முடிந்துவிட்டது. டீ கொண்டுவந்த சபிஹா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி?"

"அம்மாவுக்கு இன்னைக்குக் கண் ஆபரேஷன். லீவு இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"யா அல்லா! எவன் தரமாட்டேன்னான்?"

சுபலட்சுமி டீயை வாங்கி மேசையில் வைத்தாள்.

"அந்தக் கடியாரக்காரன்கூட உங்க அத்தை மவுத்தானப்ப எழவுக்குப் போக அரை நாள் விட்டான்டி. நீ அவனவிட மோசமான மேனேஜரா இருக்கியே. எந்திரி!"

ஆஸ்பத்திரி வார்டில் ஒரு கண்ணை மூடிக் கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள் முத்துத்தாய். பக்கத்துக் கட்டில்காரியிடம், "எம்மக பெரிய ஆபீசு. ஒரு மணி நேரம்கூட விட மாட்டாக," என்று பெருமை பேசிக்கொண்டிருந்தது வாசல்வரை கேட்டது. கழுத்து அட்டை திடீரென்று கனத்தது.

"சுபாவா? எப்பிடித்தா விட்டாய்ங்க?"

அவள் வாயைத் திறக்கும் முன்னே காளை முந்திக்கொண்டார்.

"முந்தாநேத்து நாந்தான் ஆபீசுக்குப் போயி, பிள்ளைக்கு ஒரு நா லீவு குடுங்கன்னு மனு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். மேனேஜர் நல்ல மனுசன்."

சுபலட்சுமி அப்பாவை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நெசமாவே போனீங்களாப்பா?"

"போனேன். நீ வேலைய விட்டு ஏழு மாசமாச்சுன்னு வாச்மேன் சொன்னாரு."

"அப்புறமும் காலையில அட்டைய எடுத்துக் குடுத்தீங்க?"

"நீ கைய நீட்டுனியே தாயி."

அவர் அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது. கடகடவென்று சொன்னாள்: "கான்ட்ராக்ட் வேலைப்பா. ஆனா உங்கள மாதிரி இல்ல. வேணாம்னா நாந்தான் அவனுகள நிறுத்துவேன். நெனச்ச அன்னைக்கு வேலை, நெனச்ச அன்னைக்கு லீவு. எவனும் கேக்க..."



காளை துண்டை உதறித் தோளில் போட்டார். "நல்ல வேலைதான்," என்றார். பிறகு, "அப்ப காலையிலயே வந்திருக்கலாம்ல?"

உள்ளே முத்துத்தாய் குரல் கொடுத்தாள். "அவள நேரத்தோட அனுப்பிவிடுங்க. லீவு குடுத்த மனுசனுக்கு மரியாத வேணாமா?"

சுபலட்சுமி அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு உள்ளே போனாள். அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, லீவு தரமாட்டேன்னு சொன்னது ஆபீஸ் இல்ல. நாந்தான்."

முத்துத்தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் மகளைப் பார்த்தாள். நகர்ந்து படுத்துக் கட்டிலில் இடம் விட்டாள்.

"மொதல்ல உக்காருத்தா. நின்னுக்கிட்டே இருக்க."