மூலநிரல் எழுதியவர்கள் வந்த வீடு

ஆஸ்பத்திரிக் கணினிகளுக்கான மூலநிரலை அவள் முதன்முறை வீட்டில் இறக்கி நிறுவிய அன்று, அதை எழுதியவர்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மாடிப்படியில் சிலர், அடுப்படி வாசலில் சிலர், துணிக்கொடிக்குக் கீழே குனிந்தபடி சிலர். பிரசவ ஆஸ்பத்திரியில் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்த அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரொட்டிக்கடைக்காரனான கணவன், "கூப்பிடாமலே இத்தனை பேரு. கூப்பிட்டிருந்தா வீடு தாங்குமா?" என்று சொல்லிவிட்டு ஆளுக்கொரு துண்டு ரொட்டி நீட்டினான்.

கணினியை இயக்கும் மென்பொருளை யாரும் படிக்கவும் திருத்தவும் கூடிய எழுத்தாக, கூலி வாங்காமல் எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த எழுத்தைக் கணினி தன் மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, அவரவர் பகுதி வந்ததும் அவரவர் முகம் லேசாக ஒளிர்ந்தது. முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் வந்தார்கள். வருடங்கள் ஓடின, சிலருக்கு நரைத்தது, ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். தண்ணீர் வரும் நாளை விசாரிப்பதுபோலத் தெருக்காரர்கள் இதையும் விசாரித்து வைத்துக்கொண்டார்கள்.

பிறகு ஒரு புதுப்பிப்பில் பிழை நேர்ந்தது. குறைமாதக் குழந்தைகளின் கண்ணாடிப் பெட்டி குளிர்ந்தால் உடனே அடிக்க வேண்டிய மணி, ஆஸ்பத்திரியில் அதே மென்பொருளில் ஓடியது, தாமதமாக அடித்தது. ஒரு குழந்தையின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. செவிலி தற்செயலாகப் பார்த்ததால் பிழைத்தது. செவிலிகளைப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே உட்காரச் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு ஓடிவந்தாள். கோளாறு, நேரத்தைக் கணக்கிடும் பகுதியில் இருந்தது. மூலநிரலை மறுபடி இறக்கினாள். எல்லாரும் வந்தார்கள். சாப்பாட்டு மேசையருகே ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

"கடிகாரப் பகுதி எழுதினவர் எங்கங்க?"

"அவரு போய்ச் சேர்ந்துட்டாரும்மா," என்றாள் கண்ணாடி போட்ட ஒருத்தி. "அப்புறம் அதை யாரும் சரியாப் பாத்துக்கல."

"அப்ப யாரு திருத்துறது?"

எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"ஐயோ, எனக்கு அவ்வளவு தெரியாதுங்க."

கணவன் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காரு. தப்பாப் போட்டா இவங்க சும்மா விட்டுடுவாங்களா?"

அவர்கள் விடவில்லை. தோளுக்குப் பின்னால் நின்று சண்டை போட்டார்கள். ஒருவர் நீக்கச் சொன்ன வரியை இன்னொருவர் திரும்பப் போடச் சொன்னார். அவள் அழுதாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி எழுதினாள். கடைசியில் கண்ணாடிக்காரி தலையசைத்தாள். அன்று மாலை திருத்தம் ஆஸ்பத்திரிக் கணினியில் ஏறியதும், அங்கே செவிலி ஒரு காலிப் பெட்டியைக் குளிரவிட்டு, தொலைபேசியை மணிக்குப் பக்கத்தில் பிடித்தாள். அது உடனே அடித்ததை வீடு நிறைய நின்றவர்கள் கேட்டார்கள்.

அவள் எழுதிய திருத்தம் எல்லாருக்குமான மூலநிரலில் சேர்ந்தது. அதற்குப் பிறகு அவள் பேச்சு நடுவிலேயே காணாமல் போக ஆரம்பித்தாள். சில சமயம் தலையில் பனியோடு திரும்பினாள், ஒருமுறை யாரோ போர்த்திவிட்ட சால்வையோடு. கடையில் யாராவது அவளை விசாரித்தால், "யாரோ வீட்டுல அப்டேட் போடுறாங்க. முடிஞ்சதும் வந்துடுவா," என்பான் கணவன். பிறகு அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று கேட்பான்.