அபிஷா ஆறு பேரான வருஷம்

இந்தக் காலத்தில் எவனும் ஒரு வேலைக்கு ஓர் ஆளாகப் போய் நிற்பதில்லை, சோறு தின்னும்போதே போன் பேசுகிறான், போன் பேசிக்கொண்டே வண்டி ஓட்டுகிறான் என்று வாழவந்திக் கிராமத்துச் சூசைமாணிக்கம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சலித்துக்கொண்டிருந்த வருஷத்தில்தான் அவர் மகள் அபிஷா ஆறு பேரானாள். காப்பிப் பழம் பறிக்கிற கார்த்திகை மாதம். அந்த வாரம் ஏற்காட்டுக் கடைவீதியில் ஆரஞ்சு விலை இறங்கியிருந்தது.

எல்லாம் கம்ப்யூட்டரால் வந்தது. அவள் ஆடிய ஆன்லைன் விளையாட்டில் கோட்டையைப் பிடிக்க ஆறு பேர் வேண்டும். முன்பின் தெரியாதவர்களைக் கூட்டுச் சேர்க்க அவளுக்கு நம்பிக்கையில்லை. அந்த விஷயத்தில் அப்பனை உரித்து வைத்திருந்தாள். அதனால் ஒரே கம்ப்யூட்டரில் அதே விளையாட்டை ஆறு தடவை திறந்து, ஒரு பட்டனைத் தட்டினால் ஆறு ஆளும் ஒன்றாக நடக்கும்படி செய்துகொண்டாள். இரண்டு வருஷம் கோட்டை கோட்டையாகப் பிடித்தாள். மூன்றாம் வருஷம் அப்பாவின் காப்பித் தோட்டத்தில் பறிப்புக்கு ஆள் கிடைக்காமல் பழம் கறுத்து உதிரத் தொடங்கியபோது, ஆட்டத்தை நிறுத்தாமல் அப்படியே விட்டுவிட்டுக் கூடையோடு வெளியே வந்தாள். வந்தவர்கள் ஆறு பேர்.

ஊர் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தது, பிறகு பழகிக்கொண்டது. ஒருத்தி தும்மினால் ஆறு பேரும் தும்மினார்கள். மாதா கோயிலில் ஒரு பெஞ்சு அவர்களுக்கே சரியாக இருந்தது. ரேஷன் கடைக்காரர் மட்டும் கார்டில் ஒரு பெயர்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பக்கத்துத் தோட்டத்துப் பாவாயி, "ஏனுங்கண்ணா, ஒண்ணைக் கட்டிக் குடுக்கறதுக்கே முழி பிதுங்குது, ஆறு மாப்பிள்ளைக்கு எங்கீங்க போவீங்க?" என்று கேட்டாள். சூசைமாணிக்கம் சிரிக்கவில்லை. இதில் தன் மகள் எவள் என்பதுதான் அவருக்கு உறுத்தல்.

ஆறு பேரையும் ஆறு நிரையில், செடி வரிசைக்கு ஒருத்தியாக நிறுத்தியதுதான் தப்பாகப் போயிற்று. மலையில் காப்பி நிரை நேராக ஓடாது, சரிவோடு வளையும். மேல் நிரைக்காரி செடியைச் சுற்றி இடப்பக்கம் திரும்பியபோது, கடைசி நிரைக்காரியும் திரும்பினாள். அங்கே செடி இல்லை, ஓடைப் பள்ளம்தான் இருந்தது. சூசைமாணிக்கம் பாய்ந்து கையைப் பிடித்து இழுத்தார். ஆறு மணிக்கட்டிலும் அவருடைய விரல் தடம் சிவந்தது.

நேரே வீட்டுக்குள் போய் கம்ப்யூட்டர் சுவிட்சில் கை வைத்தார். ஆறு பேரும் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

"அணைச்சறாதீங்கப்பா!"

"அஞ்சும் தொலையட்டும். எம்புள்ள ஒருத்தி இருந்தாப் போதும்."

"நான் எதுல இருக்கறன்னு எனக்கே தெரியலீங்கப்பா."

ஆறு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஆறும் ஒரே மாதிரி பயந்திருந்தன. சுவிட்சிலிருந்து விரலை ஒவ்வொன்றாக எடுத்தார்.

காற்றடித்தால் கரண்டு போகிற மலை. மறுநாளே சேலத்துக்கு இறங்கி, ஒரு இன்வெர்ட்டரை வாங்கி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். மாட்ட வந்தவனை மூன்று தடவை மெயினை அணைத்துக் காட்டச் சொன்னார். மூன்று தடவையும் ஆறு பேரும் அப்படியே நின்றார்கள்.

"நம்புங்கப்பா," என்றார்கள் ஒரே குரலில்.

"டப்பாவை நம்பச் சொல்றீங்களா?" என்று எரிந்து விழுந்துவிட்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே தோட்டத்துப் பக்கம் நடந்தார்.